கால் கிலோ கறியும் கால் கிலோ பருப்பும்

"கறி வாங்கினா கறியாச் சமைக்கணும். பருப்பைப் போட்டு ஒப்பேத்துறதுக்கு வாங்காமலே இருந்துடலாம்." கறி தின்னும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் கால் கிலோ கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். எலும்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல நேர்ந்தால், பக்கத்தில் நிற்பவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறார். கறியும் பருப்பும் ஒன்றாகச் சேரும் தால்ச்சாவுக்கு நம் சாப்பாட்டில் கிடைத்திருக்கும் இடமும் இதற்கேற்றதுதான். கல்யாணப் பந்தியில் நெய்ச்சோற்றின் மேல் ஒரு கரண்டி. பிரியாணிக் கடையில் தனிக் காசு கேட்காமல் வரும் ஒரு கிண்ணம். அதையே ஒரு வேளைச் சாப்பாடாக யாரும் எண்ணுவதில்லை.

இந்த எண்ணத்தை நான்கு நம்பிக்கைகள் தாங்கி நிற்கின்றன. கறியில் பருப்பைச் சேர்ப்பது இல்லாதவர் வேலை என்பது ஒன்று. பலமெல்லாம் கறியிலும் எலும்புச் சாற்றிலும் இருக்கிறது, பருப்பு வயிற்றை நிரப்பத்தான் உதவும் என்பது இரண்டாவது. பருப்பு கறியின் ருசியைக் கெடுத்துவிடும் என்பது மூன்றாவது. தால்ச்சா விருந்துச் சமையற்காரர்களான பண்டாரிகள் தேக்சா என்னும் பெரிய பாத்திரத்தில் ஆக்க வேண்டிய பண்டம், வீட்டு அடுப்புக்கு ஒத்துவராது என்பது நான்காவது.

நான்குமே தவறு. கால் கிலோ கறியையும் கால் கிலோ பருப்பையும் ஒரே சட்டியில் சேர்த்து ஐந்து பேருக்கு ஆக்கும் தால்ச்சாதான், இன்றைய விலைவாசியில் ஒரு சாதாரணக் குடும்பம் செய்யக்கூடிய மிக அறிவான கறிச் சமையல் என்பது என் கட்சி. ஒவ்வொரு நம்பிக்கையாக எடுத்துப் பார்ப்போம்.

இல்லாதவர் சமையலா?

ரமலான் மாதத்தில் தமிழ்நாட்டின் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், இவற்றோடு கொஞ்சம் கொத்துக்கறி. பெரிய அண்டாவில் கறியின் அளவு சிறிதுதான். ஆனால் அந்த அண்டாவைச் சுற்றித் தெருவே கூடுகிறது. நோன்பு வைத்தவர்கள் அங்கேயே அமர்ந்து குடிக்கிறார்கள். மற்ற மதத்தைச் சேர்ந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வந்து வாங்கிப் போகிறார்கள். இதற்கென்று மாநில அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி ஒதுக்குகிறது. பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத உடம்புக்கு முதலில் எதைக் கொடுப்பது என்ற கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த விடை அது: பருப்பும் தானியமும் குழைந்த கஞ்சியில் கொஞ்சம் கறி. அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு, கறி குறைவு என்று யாரும் அதை இழிவாகப் பேசுவதில்லை. ரமலானில் மதிப்புள்ள சேர்க்கை அடுத்த மாதமான ஷவ்வால் பிறந்ததும் மதிப்பிழந்துவிடுமா?

மொராக்கோவில் நோன்பு திறக்கக் குடிக்கும் ஹரிராவிலும் இதே கணக்குதான். மைசூர்ப் பருப்பு இனம், கொண்டைக்கடலை, தக்காளி, மல்லித்தழை, அதில் சிறு துண்டுகளாக ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ. ஹைதராபாத்தில் கடலைப்பருப்பு, சுரைக்காய், புளியோடு கறி சேர்த்து ஆக்கும் தால்ச்சா, பகாரா சோற்றோடு விருந்துகளிலேயே வருகிறது. கோதுமையும் பருப்பும் கறியும் இழையிழையாகும்வரை கடைந்த அந்த ஊர் ஹலீமுக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பம்பாய்ப் பார்சிகளின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தன்சாக். பலவகைப் பருப்பும் பூசணி, கத்திரிக்காய் போன்ற காய்களும் ஆட்டுக்கறியும் சேர்ந்தது. இந்தியாவின் பெருஞ்செல்வர்கள் பலரைத் தந்த சமூகம் அது. கறி வாங்க வக்கில்லாமலா அவர்கள் பருப்பைச் சேர்த்தார்கள்?

இத்தாலியர்கள் புத்தாண்டுக்குப் பன்றிக்கறித் தொத்திறைச்சியோடு பருப்பு சாப்பிடுகிறார்கள். நாணயம் போலிருக்கும் அந்தப் பருப்பு வரும் ஆண்டின் செல்வத்துக்கு அறிகுறி என்பது அவர்கள் நம்பிக்கை. தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து கொண்டுபோன தால்ச்சா, பினாங்கிலும் மலேசியாவின் மற்ற ஊர்களிலும் மலாய்க்காரர் கல்யாணங்களில்கூட நெய்ச்சோற்றின் துணையாகிவிட்டது. இவர்களில் சிலர் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றிருக்கலாம். ஆனால் பருப்பும் கறியும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன என்பதை அவரவர் அடுப்பில் கண்டுகொண்டார்கள். இதைப் பற்றாக்குறையின் அடையாளம் என்று ஒதுக்குவதற்கு நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

எலும்புச் சாற்றில் என்ன இருக்கிறது?

இரண்டாவது நம்பிக்கைதான் ஆழமாக வேரோடியது. ஆகவே இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

கை ஒடிந்தால் ஆட்டுக்கால் சூப். பிள்ளை பெற்றவளுக்கு எலும்பு சூப். காய்ச்சல் விட்டு எழுந்தவருக்கு நெஞ்செலும்பு ரசம். எலும்பின் சாரமெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடுகிறது, அதைக் குடித்தால் நம் எலும்பு உறுதியாகிவிடும் என்று நம்புகிறோம். எலும்பில் கால்சியம் நிறைய இருப்பது உண்மை. ஆனால் அது பாஸ்பேட்டோடு கெட்டியாகப் பிணைந்த தாது. வெந்நீரில் அது கரைவது மிகமிகக் குறைவு. 200 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு கிண்ணம் எலும்பு சூப்பில் அதன் சிறு பங்குகூடத் தேறாது. சூப்பை ஆறவைத்தால் பாகுபோல உறைகிறதே, அதுதானே சத்து என்பார்கள். உறைவது ஜெலட்டின். தோலிலும் சவ்விலும் உள்ள கொலாஜன் வெந்து இளகினால் ஜெலட்டின் ஆகிறது. அது புரதம்தான், ஆனால் உடம்புக்கு வெளியிலிருந்து கட்டாயம் கிடைக்க வேண்டிய அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் அதில் அறவே இல்லை. அதை மட்டும் நம்பி உடம்பு தசை வளர்க்க முடியாது.

இந்தப் பாடத்தை உலகம் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. நம் வீட்டுக் குக்கரின் மூதாதை 1679இல் பிறந்தது. டெனிஸ் பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் அதைச் செய்தது எலும்பை மென்மையாக்கத்தான். வீணாகும் எலும்பிலிருந்து ஏழைகளுக்கு உணவு எடுக்கலாம் என்ற ஆசை அதன்பின் ஐரோப்பாவை விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் மருத்துவமனைகளில் எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினில் சூப் வைத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இது உண்மையில் உணவுதானா என்ற சர்ச்சை மூண்டது. உடலியல் அறிஞர் மஜாந்தி தலைமையில் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழு அமைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்தது. 1841இல் அறிக்கை வந்தது. ஜெலட்டினை மட்டுமே தின்ற நாய்கள் பிழைக்கவில்லை.

ஆறே ஆண்டுகளில் அடுத்த பாடம். 1847இல் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது, லண்டனின் புகழ்பெற்ற சமையற்காரர் அலெக்சிஸ் சோயர் ஏழைகளுக்கென்று ஒரு மலிவுச் சூப்பை வகுத்தார். இரண்டு காலன் தண்ணீருக்கு, அதாவது ஏறத்தாழ 9 லிட்டருக்கு, கால் பவுண்டு மாட்டுக்கறி. நம் அளவில் 113 கிராம். அதோடு கொஞ்சம் கொழுப்பு, வெங்காயம், மாவு, பார்லி. ருசி நன்றாக இருந்ததாகப் பிரபுக்கள் பாராட்டினார்கள். பசித்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று லான்செட் மருத்துவ இதழ் கேட்டது. அந்தச் செய்முறையில் பருப்பு வகை எதுவும் இல்லை. கறியின் மணம் ஏறிய தண்ணீரைக் கறியென்று நம்பியதுதான் அதன் அடிப்படைப் பிழை. எலும்பு சூப்பை மருந்தாக நம்பும் நம் வீடுகளில் இன்றும் நடப்பது இதுதான். சூப் குடிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், பசியைக் கிளப்பும். ஆனால் குடித்ததும் சாப்பாடு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது நோயாளிக்குச் செய்யும் கேடு. அதே எலும்பு வெந்த தண்ணீரில் இரண்டு கைப்பிடிப் பருப்பு வெந்திருந்தால் அந்தக் கிண்ணம் உணவாகியிருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். வேகவைக்காத துவரம்பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. எலும்பில்லாத ஆட்டுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம். வெந்தபின் பருப்பு தண்ணீரை இழுத்து உப்பிவிடுவதால் கிண்ணத்துக்குக் கிண்ணம் வைத்துப் பார்த்தால் கறி முந்தும். ஆனால் கடையில் நிறுத்து வாங்குவது பச்சையாகத்தானே? கால் கிலோ பருப்பில் 50 கிராமுக்கு மேல் புரதம். எலும்போடு வாங்கிய கால் கிலோ கறியில் தேறும் சதை 170, 180 கிராம் என்று வைத்தால், அதில் 35 கிராம். ஆளுக்கு ஏறத்தாழ 17 கிராம் வந்துவிடுகிறது. சோற்றிலிருந்து வரும் ஏழெட்டு கிராமையும் சேர்த்தால் 25ஐ நெருங்கும். ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 கிராமும் பெண்ணுக்கு 46 கிராமும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் தந்த அளவு. ஒரே வேளையில் ஏறத்தாழ பாதி முடிந்தது.

பருப்பின் புரதமும் கறியின் புரதமும் முழுக்கச் சமம் என்று நான் வாதாடவில்லை. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் குறைவதை அரிசி தருகிறது, அரிசியில் குறைவதைப் பருப்பு தருகிறது, இரண்டிலும் குறைவதைக் கறி நிரப்புகிறது. மூன்றும் ஒரே தட்டில் சேரும்போது எதிலும் குறை நிற்பதில்லை. அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் பருப்பு, முட்டை, இறைச்சி மூன்றையும் ஒரே பிரிவில் வைத்து, ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 85 கிராம் என்று சொல்கிறது. நம் தால்ச்சாவில் ஆளுக்கு 50 கிராம் பருப்பும் 35 கிராம் சதையும் வருகின்றன. கூட்டிப் பாருங்கள்: சரியாக 85.

பருப்பே போதுமே, கறி எதற்கு என்று மறுபக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும். சைவ உணவை மனமுவந்து ஏற்றவர்களிடம் எனக்கு வழக்கில்லை. கறி தின்னும் வீட்டுக்குச் சொல்கிறேன். பருப்பில் வைட்டமின் பி12 கிடையாது, கறியில் உண்டு. பருப்பிலுள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அதே வேளையில் கொஞ்சம் கறி சேர்ந்தால், பருப்பின் இரும்பையும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. கறி தன் சத்தைத் தருவதோடு பருப்பின் சத்தையும் திறந்துவிடுகிறது. ஆக, தால்ச்சாவில் கறியின் வேலை அதன் எடையைவிடப் பெரியது. முழுக்கக் கறியாக ஆக்கினால் இந்த உதவியைப் பெற்றுக்கொள்ளச் சட்டியில் பருப்பே இல்லை.

யாருக்கு எத்தனை துண்டு?

இரும்பு என்றதும் இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, 2019–21இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல். கறி தின்னாத வீட்டுப் பெண்கள் மட்டுமே இந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நம் மாநிலத்தில் பெரும்பாலோர் கறி தின்பவர்கள்.

அப்படியானால் கறி எங்கே போகிறது? வறுவலும் சுக்காவும் துண்டு எண்ணிப் பரிமாறும் பண்டங்கள். முதலில் உட்காருபவர் வீட்டு ஆண்கள். அடுத்து பிள்ளைகள்; அதிலும் பல வீடுகளில் ஆண் பிள்ளை. "இன்னொன்னு வச்சுக்கோங்க" என்று கரண்டியைச் சாய்க்கும் கைக்கு மிச்சமிருப்பது சட்டியின் அடியில் ஒட்டிய மசாலாவும் இரண்டு எலும்பும். அதில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று சொல்லும் அம்மாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கறியைக் கறியாகவே சமைக்க வேண்டும் என்று வீம்பு பிடிப்பவர்கள் இந்தச் சட்டியின் அடியை எட்டிப் பார்ப்பதே இல்லை. அவர்கள் பேசும் கறியின் கௌரவத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவர்.

தால்ச்சாவில் கறியின் மணமும் கொழுப்பும் சாற்றிலும் பருப்பிலும் கலந்துவிடுகின்றன. கரண்டியை எங்கே விட்டாலும் பருப்பு வருகிறது, காய் வருகிறது, கொழுப்பும் கறியின் சாரமும் வருகின்றன. கடைசியில் சாப்பிடுகிறவருக்கும் பருப்பின் புரதம் குறைவதில்லை. பருப்பு அடியில் தங்குவதால் சிறிது கூடவே கிடைக்கும். துண்டுகளையும் சமமாக்க வேண்டுமென்றால் நோன்புக் கஞ்சி காட்டும் வழி இருக்கிறது: கறியைக் கொத்தி வாங்குங்கள். கொத்துக்கறி போட்ட தால்ச்சாவில் யாருக்கு எத்தனை துண்டு என்ற கணக்கே எழாது. வீட்டில் சாப்பாட்டு வரிசையை மாற்றுவது பெரிய வேலை, அது நடக்க வேண்டியதும்கூட. அதுவரை, வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் பங்கு குறையாத சமையலைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லவா?

ருசி கெடுவது யாரால்?

பருப்பு கறியின் ருசியை அமுக்கிவிடுகிறது என்பவர்கள் பெரும்பாலும் நல்ல தால்ச்சாவைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே குக்கரில் கொட்டிப் பத்து விசில் விட்டு இறக்கிய கலவையைச் சாப்பிட்டிருப்பார்கள். தண்ணியாக ஊற்றிய பந்தித் தால்ச்சாவைச் சாப்பிட்டிருப்பார்கள். அவை மோசமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குற்றம் பருப்பின் மேல் சேராது. ஆக்கிய முறையில் பிழை.

எந்தக் கறி என்பதிலிருந்து தொடங்குகிறது. தொடைக்கறி இதற்கு வேண்டாம். நீண்ட நேரம் வெந்தால் அது நார்நாராகக் காய்ந்துவிடும். கழுத்து, நெஞ்செலும்பு, விலா, நல்லி இவைதான் தால்ச்சாவுக்கு வேண்டியவை. சவ்வும் கொழுப்பும் உள்ள இந்தப் பாகங்களில் ஜெலட்டின் நிறைய இறங்கும். உணவாக அதன் மதிப்பு குறைவு என்று மேலே சொன்னேன். குழம்புக்கு வழவழப்பும் கனமும் தருவதில் அதற்கு ஈடு கிடையாது. மசிந்த பருப்பு கொழுப்பைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கறிக்குழம்பின் மேலே மிதந்து தட்டின் ஓரத்தில் தேங்கும் எண்ணெய், தால்ச்சாவில் உள்ளே கலந்து நிற்கிறது. கறியின் மணத்தில் பெரும்பங்கு அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. ஆகவே பருப்பு மணத்தை விழுங்குவதில்லை. ஒவ்வொரு வாய்க்கும் கொண்டுவந்து சேர்க்கிறது.

அடுத்தது வரிசை. துவரம்பருப்பில் ஒரு பங்கு கடலைப்பருப்பைச் சேர்த்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். கறியைத் தனியாக, பட்டை, கிராம்பு, ஏலக்காய் பொரிந்த எண்ணெயில் வெங்காயம் சிவந்தபின் இஞ்சி பூண்டு விழுதோடு போட்டு, தண்ணீர் சுண்டி நிறம் மாறும்வரை வதக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்களுக்குத்தான் கறி மணக்காமல் போகிறது. பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள், தக்காளி, உப்பு, தண்ணீர் விட்டு ஐந்தாறு விசில். பக்கத்து அடுப்பில் பருப்பு மஞ்சள்தூளோடு வெந்து மசியட்டும். இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கத்திரிக்காயோ சுரைக்காயோ முருங்கைக்காயோ போட வேண்டும்.

புளியும் மாங்காயும் கடைசியில்தான். புளிப்பு முந்திவிட்டால் பருப்பு வேகாது. பருப்பின் செல்சுவரை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின், புளிப்பில் எளிதில் கரைவதில்லை. உப்புத் தண்ணீர் ஊர்களில் பருப்பு அடம்பிடிப்பதற்கும் பெக்டினே காரணம். தண்ணீரிலுள்ள கால்சியம் அதை இறுக்கிவிடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் பருப்புக்கு மட்டும் குடிதண்ணீரை ஊற்றினால் போதும். புளிப்பு சேர்ந்து பத்து நிமிடம் சிறுதீயில் கொதித்தபின், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்து ஊற்றி, புதினா மல்லி தூவி மூடிவிட வேண்டும். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், கறியின் கனமும் பருப்பின் மென்மையும் மாங்காயின் புளிப்பும் சேர்ந்து நிற்கும். வெறும் கறிக்குழம்பில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது.

வீட்டு அடுப்புக்கு ஒத்துவராதா?

இரண்டு குக்கர், ஒரு தாளிப்புக் கரண்டி. பருப்பு ஊறும் நேரத்தில் கறி வதங்குகிறது, கறி வேகும் நேரத்தில் காய் நறுக்கலாம். ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும் வேலை. பண்டாரிகள் தேக்சாவில் ஆக்குவது ஐந்நூறு பேருக்கு. ஐந்து பேருக்கு ஆக்க அவர்கள் எதற்கு? இதோடு தனியாகச் சாம்பார், கூட்டு, பொரியல் எதுவும் வேண்டாம். காயும் பருப்பும் கறியும் ஒரே சட்டியில் முடிந்துவிட்டன. ஒரு அப்பளமும் வெங்காயமும் போதும். மிச்சம் இருந்தால் மறுநாள் காலை இட்லிக்கும் தோசைக்கும் இதைவிடத் தோதான குழம்பு கிடையாது.

செலவைப் பாருங்கள். ஆட்டுக்கறி பல ஊர்களில் கிலோ 800 ரூபாயைத் தொட்டுத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கில் கால் கிலோ 200 ரூபாய். நியாயவிலைக் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். கால் கிலோவுக்கு ஏழரை ரூபாய். கடைப்பருப்பு என்றாலும் காய், எண்ணெய், மசாலா எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் அடங்கும். ஆளுக்கு 60 ரூபாயில் வயிறு நிறைந்த கறிச்சோறு. மாட்டுக்கறி தின்னும் வீடுகளில் இன்னும் குறையும்.

பருப்பு வாயு என்பார்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் குழைய வேகவைத்து, இஞ்சியும் பூண்டும் சேர்த்தால் பெரும்பாலோருக்கு அந்தத் தொல்லை இருக்காது. யூரிக் அமிலத்துக்காரர்கள் அஞ்ச வேண்டியது பருப்பைவிடக் கறியின் அளவைத்தான். ஒரு வேளைக்கு அதைக் குறைக்கும் சமையல் இது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் எல்லோரும் விட வேண்டும். இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கிறது.

மாதம் ஒரு கிலோ வாங்கக்கூடிய குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதை அப்படியே வறுத்துத் தீர்ப்பது இன்றைய வழக்கம். மற்ற மூன்று வாரமும் கறி கிடையாது. வெறும் பருப்பு, வெறும் குழம்பு. பருப்பிலுள்ள இரும்பைத் திறந்துவிடும் கறியின் உதவி, கறியும் பருப்பும் ஒரே வேளையில் சேரும்போதுதான் கிடைக்கும். முதல் வாரம் தின்ற கறி மூன்றாம் வாரத்துப் பருப்புக்கு உதவ வராது. அதே ஒரு கிலோவை நான்காகப் பிரித்து வாரம் ஒரு தால்ச்சா வைத்தால், கறிக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வீட்டிலுள்ள ஐந்து பேரும், கடைசியில் சாப்பிடுபவர் உட்பட, மாதத்தில் ஒரு முறைக்குப் பதில் நான்கு முறை வயிறார நல்ல சாப்பாடு சாப்பிடுவார்கள். கறியைக் கறியாகவே சமைக்க வேண்டும் என்பவர்கள், அந்த மூன்று வேளையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.